பிறந்த வீட்டுத் துணி

மும்பை விமான நிலையத்தில் என் பையைத் துழாவிய பாதுகாப்புப் பெண்மணி, பழுப்புத் தாளில் சுற்றிச் சணல் கயிறு கட்டிய பொட்டலத்தைத் தூக்கிப் பிடித்து, இதில் என்ன என்று இந்தியில் கேட்டார். துணி என்றேன். பிரித்துக் காட்டச் சொன்னார். இறந்துபோன பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து போகிற துணி, வழியில் பிரிக்கக் கூடாது என்றேன். அவர் மராத்திக்காரர். அவர்கள் பக்கத்திலும் இந்த வழக்கம் உண்டு போலிருக்கிறது. பேசாமல் பொட்டலத்தைப் பைக்குள் வைத்து, ஜிப்பையும் அவரே இழுத்து மூடிக் கொடுத்தார். அன்று அவர் பிடிவாதம் பிடித்துப் பிரித்திருந்தால் இந்தப் பயணத்தைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இருந்திருக்காது.

நான் தென் மும்பையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். லென்ஸைத் தேய்த்து பிரேமில் பொருத்துவது என் வேலை. இருபத்தாறு வருடமாக அதே கடை, அதே நாற்காலி. முதலாளி ஹோமி சேட் பார்சிக்காரர், வயது எழுபத்தெட்டு. மனைவி போய்ப் பல வருடம் ஆகிறது. ஒரே மகள் பெரின். அவளுடைய முதல் கண்ணாடியிலிருந்து எல்லாமே நான் தேய்த்துக் கொடுத்ததுதான். கிட்டப்பார்வை. கண்ணாடியைக் கழற்றினால் எதிரே நிற்பது அப்பாவா நானா என்று தெரியாது அவளுக்கு.

பெரின் கட்டடக்கலை படித்தாள். மேல்சித்தாமூர் சமணர் கோயிலை அளந்து படம் வரையத் திண்டிவனம் பக்கம் போனவள், அங்கேயே ஒருவரைப் பார்த்து நின்றுவிட்டாள். அவர் பெயர் கதிர்வேல். அப்போது எம்.எல்.ஏ. அவருக்கு நாற்பத்தொன்று, இவளுக்கு இருபத்து நான்கு. திண்டிவனத்தில் பதிவுத் திருமணம். பார்சிப் பெண் வெளியே கல்யாணம் செய்துகொண்டால் பழமையில் ஊறியவர்கள் அவளைத் தங்கள் கோயிலுக்குள் விடுவதில்லை. ஹோமி சேட் அந்த ரகம். செய்தி வந்த அன்று கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, "இனி இந்தக் கடையில் அவள் பெயரைச் சொல்லாதே, மாணிக்" என்றார். நான் மாணிக்கம். அவருக்கு மாணிக்.

ஒன்பது வருடம் நானும் சொல்லவில்லை. ஆனால் வருடத்துக்கு ஒரு தடவை அவளுக்குக் கண்ணாடி செய்து திண்டிவனத்துக்குக் கூரியரில் அனுப்பிக்கொண்டிருந்தேன். சேட்டுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டுதான்.

நான் விமானம் ஏறியதற்கு முந்தின நாள் சாயங்காலம் கடையில் இருந்தபோது கதிர்வேல் என் கைபேசிக்கு அழைத்தார்.

"அண்ணே, பெரின் பூட்டாண்ணே. நாலு நாள் காய்ச்சல்தான். மத்தியானம் பூட்டா." பிறகு, "எங்கக்கா பொறந்த ஊட்டுக் கோடித்துணி வராம எடுக்க உடமாட்டேன்னு ஒக்காந்துக்கினு இருக்குது. நான் அவருகிட்ட எப்டிக் கேக்குறது? நீங்க சொல்றீங்களா?"

சேட்டிடம் சொன்னேன். அப்போது நான் சொன்ன வார்த்தைகள் எனக்கு அப்படியே நினைவிருக்கின்றன. பெரின் போய்விட்டாள், பிறந்த வீட்டிலிருந்து ஒரு துணி கேட்கிறார்கள், அது வராமல் எடுக்க மாட்டார்களாம். இவ்வளவுதான் சொன்னேன்.

அவர் கல்லாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக மாடிப்படி ஏறினார். வீடு கடைக்கு மேலேயே. அரை மணி கழித்து இந்தப் பொட்டலத்தோடு வந்தார். கயிறு அவரே கட்டியது, முடிச்சு கோணலாக இருந்தது.

"அங்கே இருக்கிற பெண்களிடம் கொடு. இதை அவளுக்கு உடுத்தச் சொல். நெருப்பில் மட்டும் வைக்க வேண்டாம் என்று சொல்" என்றார். நெருப்பு அவர்களுக்குத் தெய்வம், பிணத்தை அதில் போடுவது பாவம். நீங்களும் வாருங்கள் சாப் என்றேன். "எந்த முகத்தோடு வருவேன்? இது பெரினிடம் போய்ச் சேர்ந்தால் போதும்" என்றார். ஒன்பது வருடத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்தது. என் வேலை அந்தப் பொட்டலத்தை அவளிடம் சேர்ப்பது. அதைத்தான் நான் செய்யவில்லை.

*

முதல் நாள்.

என் அப்பா முகையூர்ப் பக்கம். பிழைக்க மும்பைக்குப் போனவர். நான் பிறந்ததே அங்கேதான். தமிழ்நாடு எனக்குப் பாதி வெளிநாடு. ஆனால் வீட்டில் பேசியது முகையூர்த் தமிழ். மாட்டுங்காவில் என் கூட்டாளிகள் 'வந்துக்கினு, போய்க்கினு' என்று என்னைக் கிண்டல் செய்வார்கள். சென்னையில் இறங்கி, கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறி உட்கார்ந்தால் சுற்றிலும் அத்தனை பேரும் அந்தத் தமிழில்தான் பேசுகிறார்கள். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

பக்கத்து இருக்கையில் ஓர் அம்மாள். மடியில் ஒயர்கூடை, அதில் வேகவைத்த மல்லாட்டை, வேர்க்கடலைக்கு இந்தப் பக்கத்துப் பெயர். கேட்காமலே ஒரு கை அள்ளி என் கையில் வைத்தார். மும்பையில் பக்கத்து இருக்கைக்காரன் எதையாவது நீட்டினால் போலீஸை நினைத்துக்கொள்வோம். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை, வாங்கித் தின்றேன்.

"எங்க போறீங்க?" என்றார்.

"திண்டிவனம். ஒரு சாவு."

"யாரு, நம்ம கதிர்வேலு ஊட்டுக்கா?" குரல் தாழ்ந்துவிட்டது. "அந்த சேட்டுப் பொண்ணுதானே? பாவம். செவப்பா, ஒல்லியா இருக்கும். ஒருதபா ஓட்டு கேட்டுக்கினு எங்க ஊருக்கு வந்துச்சி. எல்லாரையும் பாத்து சிரிச்சிக்கினே நின்னுச்சி. கண்ணே தெரியாது போலன்னு எங்க மாமியாரு சொல்லிச்சி."

கண்ணாடி போட்டிருக்குமே என்று கேட்டேன்.

"இல்லியே. நெத்தில பெரிய பொட்டு. பட்டுப் பொடவை. கண்ணாடியெல்லாம் இல்ல. அப்டியும் அந்தாளு தோத்துட்டாரு. வேற மதத்துக்காரிய கட்டிக்கினு வந்துட்டான்னு எதிர்க்கட்சிக்காரன் ஊரூரா மைக்கு வச்சிப் பேசினான். சொந்தக் கட்சிக்காரனும்தான் பேசினான்." மல்லாட்டைத் தோலைச் சேலை முந்தியில் கட்டிக்கொண்டு மேல்மருவத்தூரில் இறங்கினார்.

நான் அவ்வளவு பாடுபட்டு மெல்லிசாகத் தேய்த்து அனுப்பிய கண்ணாடியைக் கழற்றவைத்து மேடையில் நிறுத்தியிருக்கிறார்கள். கோபம் கோபமாக வந்தது. அந்தக் கோபத்திலேயே தூங்கிப்போனேன். அது விரைவு பஸ், திண்டிவனம் ஊருக்குள் போகாது. பைபாஸில் இறக்கிவிடும்போது கண்டக்டர் கத்தியிருக்கிறார், எனக்குக் கேட்கவில்லை. கண் விழித்தபோது விழுப்புரம் பேருந்து நிலையம்.

"இன்னா சார், நீ திண்டிவனம் டிக்கெட்டு. எத்தினி தபா கூவுறது? எதிர்ல நிக்குது பாரு பாண்டி வண்டி, அது இல்ல, அதுக்கு அடுத்தது. ஜல்தியா போ."

வெளியே பேய் மழை. நிலையத்துக்குள் முழங்காலுக்குக் கீழே தண்ணீர் நின்றது. ஜனங்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சாதாரணமாக நடக்கிறார்கள். மும்பைக்காரனுக்கு மழைத் தண்ணீரைச் சொல்லித்தர வேண்டாம் என்று வீறாப்பாகக் காலை வைத்தேன், இரண்டாவது எட்டில் பள்ளம். விழுந்தேன். பை விழுந்தது. ஒரு வெற்றிலைக்கடை ஓரம் ஒதுங்கிப் பையைத் திறந்தால் பழுப்புத் தாள் ஊறிப் பிய்ந்து கையோடு வந்தது. கயிற்றை அறுத்தேன்.

உள்ளே புடவை இல்லை. ஒரு பழைய சட்டை.

அது என்னவென்று எனக்குத் தெரியும். சுத்ரே. பார்சிகள் ஆணும் பெண்ணும் மேலுடுப்புக்கு உள்ளே போடுகிற வெள்ளை மெல்லிய சட்டை. கழுத்துக்குக் கீழே விரல் நுனி மட்டும் நுழைகிற குட்டிப் பை ஒன்று இருக்கும். சேட்டும் தினம் போடுவார். இது துவைத்துத் துவைத்து நூல் தெரிகிற பழசு. தோளில் இரண்டு இடத்தில் தைத்திருந்தது. ஓரம் மஞ்சள் பூத்திருந்தது.

சேட்டின் அலமாரியில் பிரிக்காத புது சுத்ரேக்கள் அடுக்கி இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். புதுசை வைத்துக்கொண்டு இந்தக் கந்தலை மகளுக்கு அனுப்பியிருக்கிறார். செத்த பிறகும் விடாத கோபமா? அந்த மழையில் நின்று என் முதலாளியை மனதுக்குள் நன்றாகவே திட்டினேன். இந்தப் பக்கத்துக்காரர்களை எனக்குத் தெரியும். பிறந்த வீட்டிலிருந்து பழந்துணி வந்தது என்றால், நாதியற்றவள் என்று இன்னும் இரண்டு தலைமுறைக்குச் சொல்லுவார்கள். அவள் பிணத்தைச் சுற்றி நின்றே சொல்லுவார்கள்.

சேட்டுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கைபேசி நனையவில்லை, சட்டைப்பையில் பத்திரமாக இருந்தது. மகளைப் பறிகொடுத்த மனிதரிடம் ஏன் கந்தல் அனுப்பினீர்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவர் மானத்தை நான் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். பெருமையாகக்கூட இருந்தது.

எதிரே ஜவுளிக்கடை. கல்லாவில் இருந்தவர் நான் நனைந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, "நல்லதுக்கா, கெட்டதுக்கா?" என்றார். கெட்டதுக்கு என்றேன். சுமங்கலியா என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன். அரக்குக் கலரில் பட்டுக்கரை போட்ட புடவை ஒன்றைத் தானே தேர்ந்தெடுத்து எடுத்து வைத்தார். புறப்படும்போது வாங்க என்றும் சொல்லவில்லை, போய்ட்டு வாங்க என்றும் சொல்லவில்லை. சுத்ரேயைப் பிழிந்து பிளாஸ்டிக் பையில் சுற்றி, என் மாற்றுச் சட்டைகளுக்கு அடியில் வைத்தேன்.

*

திண்டிவனத்தில் வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. பேருந்து நின்ற இடத்திலிருந்தே சுவருக்குச் சுவர் கண்ணீர் அஞ்சலி. பெரின் படம், பொட்டோடு, கண்ணாடி இல்லாமல், எங்கேயோ பார்த்துச் சிரித்துக்கொண்டு. கீழே வரிசையாகக் கட்சிக்காரர்களின் முகங்கள். சில பேனர்களில் அவர்கள் முகம் அவள் முகத்தைவிடப் பெரிதாக இருந்தது. அந்த ஒரு தேர்தலுக்கு எடுத்த படத்தை வைத்தே எல்லா பேனரும் அடித்திருந்தார்கள்.

தெரு முனையில் பந்தல், பேண்டு வாத்தியம், மைக். யாரோ ஒருவர் மதநல்லிணக்கத்தின் மறு உருவமே என்று பேசிக்கொண்டிருந்தார். தேர்தலில் அவளைப் பற்றி என்ன பேசினார் என்று கேட்கத் தோன்றியது. உள்ளூர் சேனல்காரர் ஒருவர் ஏணி மேல் நின்று எல்லாவற்றையும் கைபேசியில் நேரலை விட்டுக்கொண்டிருந்தார்.

கண்ணாடிப் பெட்டிக்குள் பெரின். எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. அவளை நான் கண்ணாடி இல்லாமல் அதிகம் பார்த்ததில்லை. மூக்கின் இரண்டு பக்கமும் பிரேம் அழுத்திய தடம் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

பெட்டியின் தலைமாட்டில் கதிர்வேலின் அக்கா அஞ்சலை உட்கார்ந்திருந்தார். முகையூரில் வாழ்க்கைப்பட்ட அம்மாள், அறுபது வயதிருக்கும். நேற்றிலிருந்து எழுந்திருக்கவில்லையாம். என்னையும் என் கையிலிருந்த ஜவுளிக்கடைப் பையையும் பார்த்ததும் எழுந்தார்.

"சம்மந்தி ஊட்லேர்ந்து வந்துட்டாங்க! ஏய், மைக்க நிறுத்தச் சொல்லுங்கடா!" பிறகு என்னிடம், "கோடி வந்துக்குதாண்ணே?"

"வந்துக்குதும்மா."

"அவுரு வரலியா? பெத்தவரு?"

"முடியல. நடக்க முடியாது."

"பரவால்ல. துணி வந்துச்சே. நாதியத்தவ மாரி அனுப்பிடுவமோன்னு பேஜாரா பூட்ச்சிண்ணே எனக்கு." தட்டில் வைத்துக் கொடுத்த புடவையை வாங்கிப் பிரித்துக் கூட்டத்துக்குத் தூக்கிக் காட்டினார். "பாத்துக்குங்க, எங்க பெரினுக்குப் பொறந்த ஊட்டுச் சீரு! பம்பாயிலேர்ந்து வந்துக்குது!"

பெண்கள் குரலெடுத்து அழுதார்கள். திரை கட்டி, குளிப்பாட்டி, அரக்குப் புடவையை உடுத்தினார்கள். ஏணி மேல் இருந்தவர் கைபேசியை இன்னும் உயர்த்தினார். என் பை என் தோளில் இருந்தது. நல்ல காரியம் செய்துவிட்டதாகவே அப்போதும் நினைத்தேன்.

கதிர்வேல் ஓர் ஓரமாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வருகிறவர்களுக்கெல்லாம் கை கூப்பிக்கொண்டே இருந்தார், பழக்கம். நெருப்பு வேண்டாம் என்று சேட் சொன்னதை அவர் காதில் சொன்னேன். "தெரியும்ணே. அவ எப்பவோ சொல்லிக்கிறா. கட்சில வேற மாரி சொன்னாங்க. நான் ஒத்துக்கல" என்றார்.

கிளியனூர்ப் பக்கம் அவருடைய நிலத்தில், மல்லாட்டைக் கொல்லையில் புதைத்தார்கள். மழை விட்டிருந்தது. குழிக்குள் தண்ணீர் ஊற, இரண்டு பேர் வாளியால் இறைத்துக்கொண்டே இருந்தார்கள். பிறந்த வீட்டுக்காரன் என்று முதல் பிடி மண் என்னைப் போடச் சொன்னார்கள். போட்டேன்.

*

இரண்டாம் நாள்.

லாட்ஜில் காலை இட்லி, சாம்பாரில் வெங்காயம் நிறைய. துக்கம் விசாரிக்க வந்த கோட்டக்குப்பத்து வியாபாரிகள் நாலைந்து பேர் பக்கத்து மேசையில் இருந்தார்கள். எங்க ஜமாத்துல வெளிப் பொண்ணக் கட்டிக்கினா அவளுக்கு இத்தினி வெயிட்டா அடக்கம் பண்ணுவாங்களா என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர், பண்ணுவாங்க, ஆனா உசுரோட இருக்கசொல்ல ஒருத்தனும் அந்தப் பொண்ணுகிட்ட பேசல, அதான் மேட்டரு என்றார்.

துக்க வீட்டில் அடுப்பு எரியவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து பால் கலக்காத டீ வந்தது. கதிர்வேல் என்னை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். பெரினுடைய அறை. மேசையில் மேல்சித்தாமூர்க் கோயில் தூண்களின் படங்கள், முடிக்காதவை. ஒரு டப்பாவில் என் கண்ணாடிகள், வருடம் ஒன்றாக ஒன்பதும் இருந்தன.

"நான் மாசத்துல பாதி நாளு மெட்ராஸ்லதாண்ணே கெடப்பேன். கூட்டம், கட்சி ஆபீசு. இவ இங்கயே ஒக்காந்துக்கினு வரைஞ்சிக்கினு இருப்பா. கீழ எறங்கினா அண்ணி அண்ணின்னு நூறு பேரு கும்புடுவானுங்க. பேச ஒரு ஆளு கெடையாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அடுத்த எலக்சன் முடியட்டும், அடுத்தது முடியட்டும்னு சொல்லிக்கினே இருந்தேன்."

நான் சொல்ல வேண்டியதை அவரே சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு சொல்லட்டுமாண்ணே? போன வருசம் எங்க பெரியம்மா செத்தாங்க. கோடிப் பொடவையா வந்து விழுந்துச்சி. ஊட்டுக்கு வந்து இவ சொன்னா, எங்கள்ல செத்தவங்களுக்குப் புதுத்துணி போட மாட்டோம், போட்டா தப்பு. தோச்சித் தோச்சிப் பழசான வெள்ளைத் துணிதான் போடுவோம், எனக்கு எங்கம்மாவோடது ஒண்ணு எங்கப்பாகிட்ட இருக்குதுன்னா. எனக்குக் கோவம் வந்துடுச்சி. சாவப் பத்தி இன்னாத்துக்குப் பேசறன்னு அடக்கிட்டேன்."

டீ டம்ளரைக் கீழே வைத்தேன்.

"நேத்து அக்கா அந்தப் பொடவையத் தூக்கிக் காட்டுச்சி பாருங்க, எனக்கு அப்பதாண்ணே அழுகை வந்துச்சி. அவரு அவங்க வழக்கத்தயே உட்டுட்டு நம்ம வழக்கப்படி புதுப்பொடவை அனுப்பிக்கிறாரு. அப்டின்னா இன்னா அர்த்தம்? எங்களை ஏத்துக்கினாருன்னுதானே? அவளுக்குத்தான் தெரியாமப் பூட்ச்சி."

இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ பார்சிச் சாவுகளுக்குப் போயிருக்கிறேன். பிற மதத்தாரைத் தனி மண்டபத்தில் உட்காரவைப்பார்கள், உடலுக்குப் பக்கத்தில் விடமாட்டார்கள். என்ன உடுத்துகிறார்கள் என்று நான் கண்டதில்லை, கேட்டதும் இல்லை. பிறந்த வீட்டிலிருந்து ஒரு துணி என்று சேட்டிடம் சொன்னேனே தவிர, புதுத்துணி என்று சொல்லவில்லை. செத்தவளுக்குப் புதுசு என்பது நமக்குச் சொல்லாமலே தெரியும். பழசு என்பது அவருக்குச் சொல்லாமலே தெரிந்திருக்கிறது. நான் கேட்டதை அவர் தன் முறைப்படி சரியாகத்தான் அனுப்பியிருக்கிறார். அதுவும் பெரின் ஆசைப்பட்ட அதே துணியை. அதைத்தான் கந்தல் என்று என் மாற்றுச் சட்டைகளுக்கு அடியில் வைத்திருந்தேன்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். மாவட்டத்திலிருந்து பெரிய ஆட்கள் வந்திருப்பதாகக் கீழேயிருந்து கூப்பிட்டார்கள். கதிர்வேல் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கையைக் கூப்பிக்கொண்டே படி இறங்கினார்.

அன்று முழுக்க லாட்ஜில் படுத்துக் கிடந்தேன். சுத்ரேயை மின்விசிறிக்கு அடியில் நாற்காலியில் விரித்துக் காயவைத்தேன். தோளில் போட்ட தையல் கோணல்மாணலாக இருந்தது, சேட் கட்டிய முடிச்சு மாதிரி. மனைவி போன பிறகு அவரே உட்கார்ந்து தைத்திருக்க வேண்டும்.

*

மூன்றாம் நாள் காலை பால் தெளிக்கிற சடங்கு. எனக்குள் ஒரு திட்டம் இருந்தது. மேட்டு மண் இன்னும் ஈரம்தான். எல்லாரும் பால் ஊற்றிவிட்டு நகர்ந்ததும் தலைமாட்டில் கையால் ஒரு முழம் தோண்டி, சட்டையை வைத்து மூடிவிடலாம். உடுத்த முடியாது. பக்கத்திலாவது இருக்கும். சட்டையை நான்காக மடித்து, என் சட்டைக்குள் வயிற்றோடு வைத்துக்கொண்டு வேனில் ஏறினேன்.

கொல்லைக்குள் வேன் திரும்பும்போதே கலவை இயந்திரம் நிற்பது தெரிந்தது. மேட்டைக் காணோம். அந்த இடத்தில் சதுரமாகப் பலகை அடித்து, கம்பி கட்டி, சிமென்ட் போட்டு மட்டம் தட்டியிருந்தார்கள். நான்கு மூலையிலும் கட்சிக்கொடி நடுவதற்குக் குழாய் வேறு. நகரச் செயலாளர் பாபு, நேற்று முன்தினம் மைக்கில் பேசியவர், கதிர்வேலிடம் ஓடி வந்தார்.

"அண்ணனுக்குச் சொல்லாமலே பண்ணிட்டம்ணே. சர்ப்ரைஸ். இது பேஸ்மட்டம்தான், மேல மணிமண்டபம் வருது. நேத்து மத்தியானமே ஆளு வச்சி முடிச்சிட்டோம். நாயி நரி தோண்டிடக் கூடாதுன்னு ஒரு அடிக்குப் போட்டுக்குறோம். இனிமே யாரும் ஒண்ணும் பண்ண முடியாது."

கதிர்வேல் அந்தச் சிமென்ட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அவளுக்கு இதெல்லாம் பிடிக்காதே என்று மட்டும் சொன்னார், யாருக்கும் கேட்காத குரலில். பிறகு பால் சொம்பை வாங்கினார். ஊற்றிய பால் உள்ளே இறங்கவில்லை. சிமென்ட் மேல் ஓடி, ஓரத்துப் பலகையில் தேங்கி நின்றது.

என் முறை வந்தது. ஒரு கையில் சொம்பு, இன்னொரு கை வயிற்றின் மேல். ஊற்றினேன்.

திரும்பும் வழியில் அஞ்சலையம்மா என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். "உங்க சேட்டு பெரிய மனுசருண்ணே. அந்தப் பொடவை எங்க சனத்துல ஒருத்தருக்கும் வந்ததில்ல. எங்க தம்பி இனிமே நிம்மதியாத் தூங்குவான்" என்றார். இந்தக் குடும்பத்தில் பெரினுக்காக உண்மையில் நேற்றும் முந்தாநாளும் பட்டினி கிடந்தவர் அவர் ஒருவர்தான். அவரிடம் நான் என்னத்தைச் சொல்ல? சாவு வீட்டிலிருந்து புறப்படும்போது சொல்லிக்கொள்ளக் கூடாது. அந்த வழக்கம் எனக்கு அன்று வசதியாகப் போயிற்று. யார் முகத்தையும் பார்க்காமல் பஸ் ஏறினேன்.

*

நான்காம் நாள் காலை கடை.

சேட் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். முகம் சவரம் செய்யவில்லை. நான் பையைக் காலடியில் வைத்துவிட்டு நின்றேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் வந்திருந்தேன். தப்பு நடந்துவிட்டது சாப், என்னால்தான், என்று தொடங்க வேண்டும்.

"இந்த வருடத்துக் கண்ணாடி அனுப்பிவிட்டாயா?" என்றார்.

நான் பிரேம் அலமாரியைத் திரும்பிப் பார்த்தேன்.

"ஒவ்வொரு வருடமும் நல்ல பிரேமாகத்தானே எடுத்து அனுப்பினாய்? அலமாரியில் நல்லதை முன்னால் எடுத்து வைப்பேன். நீ பார்த்து எடுத்துக்கொள்வாய்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "என் தங்கை மகன் கைபேசியில் காட்டினான். ஏணி மேலிருந்து எடுத்திருந்தார்கள். எல்லாம் பார்த்தேன்."

எல்லாம் பார்த்திருக்கிறார். அரக்குப் புடவையையும் பார்த்திருக்கிறார். நான் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை, அவர் திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன்.

"நல்ல புடவை" என்றார். "அவர்கள் வழக்கத்துக்கு அவர்கள் உடுத்துவார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை." கண்ணாடியைக் கழற்றிக் கல்லாவின் மேல் வைத்தார். கண்ணாடி இல்லாத அவர் பார்வை என்னைத் தாண்டி எங்கேயோ போயிற்று, பெரினுடையது போலவே. "சுத்ரே உள்ளே போடுவதுதானே, மாணிக். வெளியே எப்படித் தெரியும்? மேலே அவர்கள் புடவை, உள்ளே அவள் அம்மாவின் சுத்ரே. அப்படித்தானே?"

பை என் காலை ஒட்டி இருந்தது.

"ஆமாம் சாப்."

"அவள் அம்மா இவளைவிடக் கொஞ்சம் பருமன். தொளதொளவென்று இருந்திருக்கும்."

"இல்லை சாப்" என்றேன். "சரியாக இருந்தது."